சுவர் எங்கே என்று படத்துக்குத் தெரியுமா?

டேபிள்டாப் ரோல்-பிளேயிங் ஆட்டங்களை நடத்தும் கேம் மாஸ்டர்களிடம் 'மேப் வரைய எந்த மென்பொருள் நல்லது' என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். இங்கார்னேட், வொண்டர்டிராஃப்ட், டன்ஜன்டிராஃப்ட், கேம்பெய்ன் கார்ட்டோகிராஃபர், டன்ஜன் ஸ்க்ரால் என்று பட்டியல் நீளும். யூடியூபில் கிடைக்கும் ஒப்பீடுகளும் எதில் மரம் அழகு, எதில் கடல் அழகு என்ற அளவில் நின்றுவிடுகின்றன. எனக்கு அந்த ஒப்பீட்டில் பெரிய ஆர்வம் இல்லை. வரைந்து முடித்த பிறகு, வரைந்ததில் எதை அந்த மென்பொருள் நினைவில் வைத்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் இழுத்த கோடு ஒரு சுவர் என்று அதற்குத் தெரியுமா, இல்லை வெறும் பழுப்பு நிறப் புள்ளிகளா? மறைக்க வேண்டிய கதவை மறைக்கத் தெரியுமா? ஆட்டத்தின் நடுவில் அணை உடைந்துவிட்டால் ஆற்றை நகர்த்த விடுமா?

இந்த ஆட்டத்தைப் புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். உலகம், அரக்கர்கள், ஊர்க்காரர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்திரம். பகடை உருட்டியும் பேசிப் பேசியும் கதை நகர்கிறது. கேம் மாஸ்டருக்கு எல்லாம் தெரியும். மற்றவர்களுக்குத் தங்கள் பாத்திரம் கண்டதும் கேட்டதும் மட்டுமே தெரியும். வரைபடத்தில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்து கிளம்புபவைதான்.

அந்த ஏற்றத்தாழ்வு தொடக்கத்திலேயே இருந்தது. 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (சுருக்கமாக டி அண்ட் டி), அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவாவிலிருந்து டிஎஸ்ஆர் என்ற சின்ன நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். ஆட்டம் நடத்துபவர் எடுத்த எடுப்பில் செய்ய வேண்டியதாக அவை சொன்ன வேலை, பாதாளத்தின் குறைந்தது ஆறு தளங்களுக்கு வரைபடம் வரைந்து வைப்பது. கட்டம் போட்ட கிராஃப் தாளும் பென்சிலும்தான் கருவி. ஒரு கட்டம் பத்து அடி என்ற கணக்கு வழக்கமானது. அந்தத் தாள் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஆட்டக்காரர்களில் ஒருவர் 'மேப்பர்'. கேம் மாஸ்டர் "முப்பது அடி நேராகப் போகிறது, பிறகு இடப்பக்கம் திரும்புகிறது, வலது சுவரில் ஒரு கதவு" என்று சொல்லச் சொல்ல, அவர் தன் தாளில் வரைந்துகொண்டே வர வேண்டும். இரண்டு தாள்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவது சகஜம். பொருந்தாததால்தான் ஆட்டக்காரர்கள் வழி தவறினார்கள், அதுவே ஆட்டத்தின் பாதி.

வெட்டவெளிக்கு வேறு ஏற்பாடு. அவலான் ஹில் நிறுவனம் 1972ல் வெளியிட்ட 'அவுட்டோர் சர்வைவல்' என்ற வேறொரு ஆட்டத்தின் அறுகோணப் பலகையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று டி அண்ட் டி சொன்னது. இன்றும் காடு மலை வரைபடங்கள் அறுகோணத்திலும் கட்டட வரைபடங்கள் சதுரத்திலும் வருவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஹெக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் அந்த அறுகோணத்துக்கு 6 மைல் அகலம் என்பது 1981ல் வந்த 'தி ஐல் ஆஃப் டிரெட்' போன்ற சாகசங்கள் வழியாகப் பரவிய அளவு. அந்த அளவில் ஒரு சௌகரியம் உண்டு. ஆறடி உயரத்தில் கண் இருந்தால், சமவெளியில் தொடுவானம் ஏறக்குறைய 3 மைலில் விழும். ஹெக்ஸின் நடுவில் நிற்பவருக்கு அதன் விளிம்பு வரைதான் தெரியும். அடுத்த ஹெக்ஸில் என்ன இருக்கிறது என்று பார்க்க நடந்துதான் ஆக வேண்டும். டி அண்ட் டியின் இப்போதைய கணக்கில் சாதாரண நடைக்கு ஒரு நாளைக்கு 24 மைல் என்பதால், நாளுக்கு நாலு ஹெக்ஸ். மனக்கணக்கே போதும்.

ஒரே இடத்துக்கு இரண்டு வரைபடம் வேண்டும் என்பதை வியாபாரமாகவே செய்தவர்கள் ஜட்ஜஸ் கில்ட். இல்லினாய்ஸ் மாநிலத்து டிகேட்டரில் பாப் பிளெட்சாவும் பில் ஓவனும் 1976ல் தொடங்கிய நிறுவனம் அது. அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட 'வைல்டர்லேண்ட்ஸ்' தொகுப்பில் ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் இரண்டு தாள் வைத்தார்கள்: நடத்துபவருக்கு எல்லாம் குறித்த தாள், ஆட்டக்காரர்களுக்குப் பல இடங்கள் வெறுமையாக விடப்பட்ட தாள். டிஎஸ்ஆரின் கவலை வேறு. அதன் சாகசத் தொகுப்புகளில் தனியே கழற்றக்கூடிய அட்டையின் உட்புறம் வெளிர் நீலத்தில் வரைபடம் இருக்கும். அந்தக் கால நகல் இயந்திரங்களுக்கு வெளிர் நீலம் சரியாகப் பிடிபடாது. இன்றைய மென்பொருள்களில் 'பழைய நீலம்' என்று ஒரு பாணியைத் தேர்ந்தெடுத்து ஏக்கத்தோடு வரைகிறவர்கள் பலர். அழகுக்காக வந்த நிறமா, ஜெராக்ஸ் கடைக்குப் பயந்து வந்த நிறமா என்று அவர்கள் கேட்பதில்லை.

ஆட்டோகேடின் ஒன்றுவிட்ட தம்பி

கணினிக்கு வருவோம். லண்டனைச் சேர்ந்த புரோஃபேன்டசி நிறுவனம் 1993ல் டாஸ் இயங்குதளத்துக்காக 'கேம்பெய்ன் கார்ட்டோகிராஃபர்' என்ற நிரலை வெளியிட்டது. அதைச் சுழியிலிருந்து எழுதவில்லை. ஃபாஸ்ட்கேட் என்ற பொறியியல் வரைவு நிரலின் எஞ்சின்மேல் கட்டினார்கள். ஃபாஸ்ட்கேடை எழுதியவர் மைக் ரிடில். அவர் அதற்கு முன் எழுதிய 'இண்டராக்ட்' என்ற நிரலிலிருந்துதான் 1982ல் ஆட்டோகேட் பிறந்தது. ஆக, டிராகன் குகை வரையும் மென்பொருளும் பொறியாளர்கள் கட்டட பிளான் போடும் மென்பொருளும் ஒரே மனிதரின் கையிலிருந்து கிளைத்தவை. ஃபாஸ்ட்கேட் அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டது. அந்தக் காலத்துச் சின்னக் கணினிகளிலும் அது வேகமாக ஓடியதற்கு அது ஒரு காரணம்.

இந்தப் பூர்வீகத்தால் வந்த நன்மையும் தொல்லையும் இன்றுவரை தொடர்கின்றன. நன்மையை முதலில் சொல்கிறேன். கேட் நிரலில், அதாவது இப்படியான பொறியியல் வரைவு நிரலில், நீங்கள் ஒரு கடற்கரையை வரைந்தால், அது ஆயத்தொலைவுப் புள்ளிகளின் வரிசையாகச் சேமிக்கப்படுகிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. வரைபடத்துக்கு உண்மையான அளவு உண்டு: மைலோ அடியோ குறித்துவிட்டால், இரண்டு ஊர்களுக்கு நடுவில் சாலை வழியாக எவ்வளவு தூரம், இந்த நாட்டின் பரப்பு எவ்வளவு என்று நிரலையே கேட்கலாம். ஒவ்வொரு பொருளும் ஒரு லேயரில், அதாவது தனியே மறைக்கக்கூடிய ஓர் அடுக்கில், இருக்கிறது. இரகசியக் கதவுகள், பொறிகள், அறை எண்கள் எல்லாவற்றையும் தனி லேயரில் போட்டு அதை மறைத்துவிட்டால் ஆட்டக்காரர்களுக்கான வரைபடம் தயார். ஜட்ஜஸ் கில்ட் இரண்டு தாள் அச்சிட்டுச் செய்ததை ஒரே கோப்பு செய்துவிடுகிறது. உலக வரைபடத்தில் ஒரு நகரத்தைச் சொடுக்கினால் அந்த நகரத்தின் வரைபடம் திறக்கும்படி இணைப்பும் கொடுக்கலாம். 1999ல் 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' உலகத்துக்கு வந்த குறுந்தகடு அட்லஸ் இந்தத் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டதுதான்.

தொல்லை என்னவென்றால், அதன் பழக்கவழக்கங்களும் கேட் நிரலுடையவை. விண்டோஸில் நாம் பழகியது பொருளைத் தேர்ந்தெடுத்து, பிறகு அழி, நகர்த்து என்று சொல்வது. இங்கே வரிசை தலைகீழ். முதலில் 'அழி' என்ற கட்டளை. பிறகு எதை என்று ஒவ்வொன்றாகச் சொடுக்க வேண்டும். பிறகு வலது பொத்தானை அழுத்தி, வரும் மெனுவில் 'டூ இட்' என்று உத்தரவு கொடுக்க வேண்டும். திரையின் கீழே ஒரு வரி அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த வரியைப் படிக்கப் பழகியவர்கள் பிழைத்தார்கள். பழகாதவர்கள் ஒரு தீவு வரைவதற்குள் மூடி வைத்துவிட்டார்கள். 2006ல் வந்த மூன்றாம் பதிப்பு நிழல், விளிம்பு ஒளி போன்ற எஃபெக்ட்களைச் சேர்த்து, படம் பொறியியல் வரைவு போலத் தெரிவதைப் பெருமளவு போக்கியது. கற்கும் சிரமம் மட்டும் அப்படியே இருந்தது. ஆனாலும் ஒரே உலகத்தைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து நடத்துகிறவர்களுக்கு இதற்கு ஈடு இல்லை என்றுதான் நினைக்கிறேன். மாறிக்கொண்டே இருக்கும் உலகத்துக்குத் திருத்தக்கூடிய கோடுகள் வேண்டும்.

பீப்பாய்களின் காலம்

அடுத்த தலைமுறை அந்தச் சிரமத்துக்கு எதிராக வந்தது. 2000களில் டன்ஜின்னி என்ற நிரல், மேலிருந்து பார்த்தால் தெரிகிற மேசை, பீப்பாய், படுக்கை என்று படத்துண்டுகளை இழுத்து வைக்க வழி செய்தது. பயனர்கள் ஆயிரக்கணக்கில் துண்டுகள் செய்து பகிர்ந்துகொண்டார்கள். இன்று அது விற்பனையில் இல்லை. பிறகு உலாவியிலேயே ஓடும் இங்கார்னேட் வந்தது. 2018ல் உலக வரைபடங்களுக்காக வொண்டர்டிராஃப்ட், 2020ல் கட்டட வரைபடங்களுக்காக டன்ஜன்டிராஃப்ட். இரண்டும் மெகாஸ்புளூட் என்ற பெயரில் இயங்கும் ஒரே தயாரிப்பாளருடையவை, கோடோ என்ற திறமூல கேம் எஞ்சினில் செய்தவை. தூரிகையால் தேய்த்தால் காடு முளைக்கும், கடற்கரைக்கு அலைக்கோடு தானாக விழும். ஒரு மாலைப்பொழுதில் அச்சுப் புத்தகத் தரத்தில் ஒரு கண்டம் கையில் இருக்கும்.

இவற்றுக்கும் நினைவு உண்டு. கோப்பைத் திரும்பத் திறந்தால் மரத்தை நகர்த்தலாம், ஊர்ப்பெயரை மாற்றலாம். ஆனால் படமாக ஏற்றுமதி செய்த நொடியில் எல்லாம் பிக்சலாகிவிடுகிறது. மேசைக்குப் போவது அந்தப் படம்தான்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு அறை வரைய ஆகும் நேரம் ஆட்டத்தின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. கிராஃப் தாளில் ஒரு அறை என்பது நாலு கோடு. பத்து நொடியில் இன்னொரு தாழ்வாரம், இன்னொரு படிக்கட்டு, முதல் தளத்துக்குச் சுற்றி வரும் இன்னொரு வழி. 1979ல் ஜட்ஜஸ் கில்டுக்காக ஜெனெல் ஜாக்வேஸ் வரைந்த 'கேவர்ன்ஸ் ஆஃப் த்ரேசியா' இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் இதுதான்: வாயில்கள் பல, தளங்களை இணைக்கும் வழிகள் பல, சுற்றி வந்தால் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் பாதைகள் பல. ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்று நடத்துபவருக்கே தெரியாது. ஒரு அறைக்குத் தரைக்கம்பளம், நாற்காலி, சிதறிய புத்தகங்கள், மெழுகுவர்த்தி ஒளி என்று அரை மணி நேரம் செலவழிக்கும் கேம் மாஸ்டர் அப்படி வரைய மாட்டார். யாரும் நுழையாமல் போகக்கூடிய பன்னிரண்டு அறைகளை அலங்கரிக்க யாருக்கு மனசு வரும்? ஐந்து அறை, ஒரே வழி, கடைசி அறையில் வில்லன் என்று வரைபடம் சுருங்கிவிடுகிறது. சோம்பல் என்று இதைச் சொல்ல மாட்டேன். கருவி வாங்கும் விலை அது.

டன்ஜன் ஸ்க்ரால் போன்ற எளிய கருவிகளுக்கு வந்த வரவேற்பை இந்தப் பின்னணியில்தான் பார்க்கிறேன். உலாவியில் திறந்து சுட்டியை இழுத்தால் ஒரு அறை. இன்னொரு இழுப்பில் தாழ்வாரம். சுவர்கள் தாமாக இணைந்துகொள்ளும். வெளிப்புறத்தில் சின்னச் சின்னக் கோடுகளாலான நிழல் விழும். டைசன் லோகோஸ் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் கையால் வரைந்து வெளியிட்டுவரும் ஓவியரால் பிரபலமான பாணி அது. கறுப்பு வெள்ளை, பீப்பாய் கிடையாது. கிராஃப் தாளின் வேகம் திரும்பக் கிடைக்கிறது. பின்னாளில், இணையத்தில் ஆடுவதற்கான மேசையைத் தரும் ரோல்20 நிறுவனம் இதை வாங்கிக்கொண்டது.

திரைக்கு இடம்பெயர்ந்த மேசை

ரோல்20 என்றதும் விர்ச்சுவல் டேபிள்டாப்புகளைப் பற்றி, அதாவது விடிடி எனப்படும் இணைய மேசைகளைப் பற்றி, பேச வேண்டியிருக்கிறது. ஃபேன்டசி கிரவுண்ட்ஸ் 2004லிருந்தும் ரோல்20 2012லிருந்தும் இருக்கின்றன. 2020ல் பெருந்தொற்று எல்லோரையும் வீட்டில் அடைத்தபோது மேசைகள் மொத்தமாக இங்கே இடம்பெயர்ந்தன. ஃபவுண்ட்ரி என்ற இன்னொரு இணைய மேசை வெளியானதும் அதே ஆண்டு மே மாதம். வரைபடம் இங்கே அலங்காரப் பொருளாக மட்டும் இருக்க முடியாது. பாத்திரங்களைக் குறிக்கும் டோக்கன்கள் அதன்மேல் நகர்கின்றன. ஒவ்வொரு டோக்கனுக்கும் எது தெரியும், எது தெரியாது என்று கணினி கணக்குப் போடுகிறது. மேப்பர் காகிதத்தில் செய்த வேலையும் கேம் மாஸ்டரின் அட்டைத் தடுப்பும் சேர்ந்து ஒரே நிரலுக்குள் போய்விட்டன.

முதல் தலைவலி அளவு. ரோல்20ல் ஒரு கட்டத்துக்கு 70 பிக்சல், ஃபவுண்ட்ரியில் இயல்பாக 100. தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பலர் 140 வைக்கிறார்கள். 40க்கு 30 கட்டம் உள்ள வரைபடம் 140 பிக்சலில் 5600க்கு 4200 ஆகிறது, அதாவது இரண்டு கோடியே 35 லட்சம் பிக்சல். கோப்பைச் சுருக்கி அனுப்பலாம். ஆனால் வரைகலை அட்டையின் நினைவகத்தில் அது விரிந்துதான் உட்காரும். பிக்சலுக்கு 4 பைட் என்றால் சுமார் 94 எம்பி. ஆட்டக்காரர் ஒருவர் பழைய லேப்டாப்போடு வந்தால் திணறுவது இதனால்தான். இதே வரைபடத்தை மினியேச்சர் பொம்மைகளுக்காக ஒரு கட்டம் ஒரு அங்குலம் என்று அச்சிட்டால் ஏ4 தாளில் குறைந்தது 15 பக்கம் வரும். பசையும் கத்தரிக்கோலும் உங்கள் பாடு.

இரண்டாவது, சுவர். படத்தில் சுவர் இருப்பது கணினிக்குத் தெரியாது. அதனால் கேம் மாஸ்டர் படத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத கோடுகளை மறுபடி இழுக்க வேண்டியிருந்தது. ஒருமுறை அலங்காரத்துக்கு, இன்னொரு முறை கணினிக்கு என்று ஒரே கட்டடத்தை இரண்டு தடவை வரையும் வேலை. டன்ஜன்டிராஃப்ட் பிரபலமானதற்கு அதன் ஓவியத்தைக் காரணம் சொல்கிறார்கள். என் கணிப்பில் பெரிய காரணம் அது வெளியிடும் யுனிவர்சல் விடிடி என்ற கோப்பு வடிவம்.

அந்தக் கோப்பை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது ஜேசன் என்ற தரவு வடிவத்து எழுத்துதான். முதலில் வரைபடம் எத்தனை கட்டம் அகலம், எத்தனை உயரம், ஒரு கட்டத்துக்கு எத்தனை பிக்சல் என்று இருக்கும். அடுத்து பார்வைக் கோடுகள்: 4,3 என்ற புள்ளியிலிருந்து 4,9 வரை, அங்கிருந்து 11,9 வரை என்று சுவர்கள் கட்டக் கணக்கில் வரிசையாக வரும். அதன்பின் கதவுகளும் சன்னல்களும். ஒவ்வொன்றுக்கும் இடம், இரண்டு முனைகள், மூடியிருக்கிறதா என்ற குறிப்பு. பிறகு விளக்குகள்: இடம், வீச்சு, நிறம், நிழல் விழுமா. எல்லாவற்றுக்கும் கடைசியில் மொத்தப் படமும் எழுத்தாக மாற்றப்பட்டு ஒரே நீண்ட சரமாகக் கிடக்கும். அப்படி மாற்றுவதால் படம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிறது என்பது ஒரு குறை. இந்தக் கோப்பை ஃபவுண்ட்ரியில் ஒரு மாட்யூல் (கூடுதல் நிரல்) வழியாக ஏற்றினால் சுவர்கள் உரிய இடத்தில் நிற்கின்றன, விளக்குகள் எரிகின்றன. வரையும்போது 'இது சுவர்' என்று சொன்னது மேசை வரை வந்துசேர்கிறது.

சுவர் தெரிந்த பிறகு நடப்பது எளிய ஜியோமெட்ரி. டோக்கன் நிற்கும் புள்ளியிலிருந்து சுவர்களின் முனைகளை நோக்கிக் கணினி கோடுகளை இழுக்கிறது. எந்தக் கோடு எங்கே முட்டுகிறதோ அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் அந்தப் பாத்திரத்துக்குத் தெரியும் பரப்பு கிடைக்கும், மற்றதெல்லாம் இருட்டு. முனைகள் கூடக் கூடக் கணக்கும் கூடும். குகைச் சுவர்களை வளைந்து நெளிந்து நூற்றுக்கணக்கான முனைகளோடு வரைந்தால், டோக்கன் ஒவ்வொரு அடி நகரும்போதும் திரை தயங்குவது அதனால்தான். குகையின் படம் எவ்வளவு நெளிந்தாலும் பார்வைக் கோடுகளை எண்ணிக்கையில் குறைத்து நேராக்கி விடுவது நல்லது. யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

இந்தக் கோப்பு எல்லாவற்றையும் சொல்வதில்லை. இரகசியக் கதவு என்ற வகை அதில் இல்லை. ஃபவுண்ட்ரியில் அதற்குத் தனி வகை உண்டு. கேம் மாஸ்டருக்குக் கதவாகவும் மற்றவர்களுக்கு வெறும் சுவராகவும் தெரியும். அதை ஏற்றிய பிறகு கையால் மாற்றிக்கொள்ள வேண்டும். படத்திலும் அந்தக் கதவை வரைந்து தொலைக்காமல் இருக்க வேண்டும்.

விதைக்கணக்கு

இன்னொரு வகை மென்பொருளில் நீங்கள் எதையும் வரைவதில்லை. ஒரு எண்ணைக் கொடுத்தால் கண்டமே பிறந்துவிடுகிறது. அதே எண்ணையும் அதே அமைப்புகளையும் திரும்பக் கொடுத்தால் அதே கண்டம் திரும்ப வரும். இந்த எண்ணுக்கு 'சீட்', அதாவது விதை என்று பெயர். இலவசமாகக் கிடைக்கும் திறமூல நிரலான அஸ்கார் இதில் பிரபலம். நிலப்பரப்பை இயல்பாகப் பத்தாயிரம் சிறு பலகோணங்களாக அது வெட்டிக்கொள்கிறது. இந்த வோரோனோய்ப் பலகோண உத்தியைக் கேம் உலகில் பரப்பியதில் அமித் பட்டேல் என்ற நிரலாளர் 2010ல் எழுதிய விளக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முதலில் உயரம். பிறகு அட்சரேகையை ஒட்டி வெப்பம், காற்றின் திசையை ஒட்டி மழை, மழையிலிருந்து ஆறுகள், இவற்றிலிருந்து காடு, புல்வெளி, பாலை. பிறகு இனக்குழுக்கள், ஊர்கள், நாடுகள், மதங்கள். எந்த இடத்தில் ஊர் அமையும் என்பதற்குக்கூட மதிப்பெண் உண்டு. ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கும், இரண்டு ஆறுகள் கூடும் இடத்துக்கும், காற்றடங்கிய துறைமுகத்துக்கும் கூடுதல் மதிப்பெண். பூம்புகார் ஏன் பூம்புகாரில் இருந்தது என்று அதற்கு ஓரளவு புரியும்.

காவிரி டெல்டாதான் புரியாது. ஆற்றைக் கணக்கிடும்போது ஒவ்வொரு பலகோணத்தின் நீரும் அக்கம்பக்கத்தில் மிகத் தாழ்ந்த ஒரே ஒரு பலகோணத்துக்குப் போகிறது. ஆறுகள் சேரலாம், பிரிய வழியில்லை. கற்பனை வரைபடம் வரைகிறவர்கள் மத்தியிலும் 'ஆறு பிரியாது' என்பது கிட்டத்தட்ட வேதவாக்கு. புதிதாக வரைந்தவர் ஆற்றை இரண்டாகக் கிளைக்க விட்டால் உடனே திருத்துவார்கள். பெரும்பாலும் அந்தத் திருத்தம் நியாயமானது: மலைப்பகுதியிலும் மேட்டுநிலத்திலும் ஆறு அப்படிப் பிரிவது அபூர்வம். ஆனால் முக்கொம்பில் போய் நின்றால் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து திருவரங்கத்தைத் தீவாக்குவதைப் பார்க்கலாம். கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. அங்கிருந்து கடல் வரை பிரிவதுதான் காவிரியின் வேலை. சமவெளியில், வண்டல் சேரும் இடத்தில், ஆறு பிரியும். பிரிந்த நீரை யார் பங்கிடுவது என்ற வழக்கில் ஒரு கேம்பெய்னுக்கே, அதாவது பல அமர்வுகள் நீளும் தொடர் ஆட்டத்துக்கே, போதுமான கதை கிடைக்கும். அஸ்கார் தந்த கண்டத்தில் அந்தக் கிளைகளை நீங்களே கையால் சேர்க்க வேண்டும்.

பெயர்களுக்கும் அதில் ஒரு இயந்திரம் இருக்கிறது. மாதிரிப் பெயர்களின் பட்டியலைக் கொடுத்தால், எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி வருகிறது என்று பார்த்துப் புதுப் பெயர்களைக் கட்டும். கூடவே வரும் பட்டியல்களில் கர்நாடகா என்று ஒன்று உண்டு. உங்கள் வட்டாரத்துப் பட்டி, குளம், பேட்டை, ஏந்தல், குறிச்சிகளைத் தொகுத்து நீங்களும் ஒரு பட்டியல் சேர்க்கலாம். ரோமன் எழுத்தில் கொடுப்பது பத்திரம். வருவதில் பாதி சிரிப்பாக இருக்கும், கொஞ்சம் நிஜ ஊர்போலவே ஒலிக்கும்.

அஸ்காரில் ஓர் ஊரைச் சொடுக்கினால் வாட்டபூ என்ற பெயரில் எழுதும் நிரலாளர் 2017ல் வெளியிட்ட நகர உருவாக்கிக்குப் போகலாம். மதில், கோட்டை, சந்தை, நெருக்கடியான தெருக்கள் கொண்ட ஐரோப்பிய இடைக்கால நகரம் ஒன்று நொடியில் விரியும். ஐரோப்பிய நகரம் என்பதை அழுத்தியே சொல்கிறேன். நடுவில் கோயில், சுற்றி மாடவீதிகள் என்று வேண்டுமென்றால் பேனாவை எடுக்க வேண்டியதுதான்.

விதைக் கருவிகளில் எனக்குப் பிடித்தது, அவை காரணங்களை நினைவில் வைத்திருப்பது. இந்த ஊர் ஏன் இங்கே, இந்தப் பாலை ஏன் இங்கே என்றால் பதில் இருக்கிறது. பிடிக்காதது அவற்றின் தாராளம். நூற்றுக்கணக்கான ஊர்கள், அவற்றின் மக்கள்தொகை, ஒவ்வொரு நாட்டுக்கும் கொடி. சனிக்கிழமை மாலை ஆட்டக்காரர்கள் பார்க்கப் போவது ஒரு கிராமம், ஒரு பாலம், ஒரு பாழடைந்த கோபுரம். ஆறு ஹெக்ஸ் போதும்.

தமிழில் எழுதினால்

தமிழில் பெயர் எழுத நினைத்தால் மென்பொருள் எப்படிக் கட்டப்பட்டது என்பது திடீரென்று முக்கியமாகிவிடும். கோடோ எஞ்சினின் மூன்றாம் பதிப்பில் தமிழ் போன்ற எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடு இல்லை. 2023ல் வந்த நான்காம் பதிப்பில்தான் அது சேர்ந்தது. பழைய எஞ்சினில் கட்டிய நிரலில் 'கெ' என்று அடித்தால் கொம்பு ககரத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் நிற்கும். எந்த எழுத்துரு போட்டாலும் தீராது. உலாவியில் ஓடி, பெயர்களை உரையாகவே வைத்திருக்கும் அஸ்கார் போன்றவற்றில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. உலாவி அந்த வேலையைச் செய்துவிடுகிறது. மற்றவற்றில் பெயரில்லாமல் படத்தை ஏற்றுமதி செய்து, இன்க்ஸ்கேப் என்ற வரைவு நிரலில் திறந்து, பெயர்களை மேலே தனி லேயராக எழுதுவது நல்ல வழி. பெயர் உரையாகவே இருப்பதால் ஊர் எரிந்து பெயர் மாறினாலும் திருத்திக்கொள்ளலாம்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. வீட்டில் ஆடும்வரை எதுவும் சிக்கலில்லை. எழுதிய சாகசத்தை விற்பதாக இருந்தால், மென்பொருளின் உரிமத்தையும் அதில் பயன்படுத்திய படத்துண்டுகளின் உரிமத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பீப்பாய் வேறொருவருடையதாக இருக்கக்கூடும். இங்கார்னேட்டின் இலவசக் கணக்கு சொந்த உபயோகத்துக்கு மட்டுமே.

செயற்கை நுண்ணறிவால் படம் செய்யும் கருவிகளிடம் 'பாழடைந்த கோயில், மேலிருந்து, கட்டத்தோடு' என்று கேட்டால் இப்போது ஒரு வரைபடம் வருகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் மிரட்டும். கிட்டே போனால் கட்டங்களின் அகலம் ஓரத்துக்கு ஓரம் வேறுபடும், டோக்கன் எதிலும் பொருந்தாது. சுவருக்குப் புள்ளிகள் இல்லை என்பதால் எல்லாவற்றையும் மேலே மறுபடி இழுக்க வேண்டும். தூணுக்குள் முடிந்துவிடும் கதவு ஒன்றும், சுவரில் முட்டி நிற்கும் படிக்கட்டு ஒன்றும் எங்காவது இருக்கும். அந்தப் படிக்கட்டு எங்கே போகிறது என்று அந்தக் கருவிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆட்டக்காரர்கள் முதலில் அதில்தான் இறங்குவார்கள்.